அறுபதுக்கு மேல் கோபத்தைப் படிக்கட்டிலேயே நிறுத்துவது எப்படி

மதுரை ஆரப்பாளையம் – தேனி வழியில் 27 வருடம் கண்டக்டராக ஓடியவன் நான். ஐம்பது பைசா சில்லறைக்கெல்லாம் சண்டை போட்டிருக்கிறேன். செக்கானூரணி தாண்டுவதற்குள் கோபம் மறந்துவிடும். உசிலம்பட்டியில் அதே ஆளோடு டீ குடித்ததும் உண்டு. இப்போது வயது 68. காலையில் கத்தினால் ராத்திரி வரை நெஞ்சு படபடக்கிறது.

மனோதத்துவம் படித்த மகள் விளக்கினாள். வயதானவர்கள் பொதுவாக இளசுகளைவிட நிதானம்தானாம். ஆனால் உடம்பு ஒருமுறை கொதித்துவிட்டால் அடங்க அதிக நேரம் பிடிக்குமாம். அப்படியென்றால் ஏறிய கோபத்தை இறக்குவதைவிட, ஏறவிடாமல் பார்ப்பதுதான் லாபம்.

முதலில் ஒரு வாரம் கணக்கு எழுதுங்கள். நான் டிரிப் ஷீட் மாதிரி நேரம், ஆள், காரணம் என்று கோடு போட்டு எழுதினேன். பதினொரு கோபத்தில் ஏழு, பகல் பன்னிரண்டரைக்கு மேல், சாப்பாட்டுக்கு முன்னால்! எனக்குச் சர்க்கரை உண்டு. பாவம், வீட்டுக்காரியைக் குறை சொல்லி என்ன புண்ணியம்? பன்னிரண்டுக்கே தட்டைப் போடச் சொன்னேன். பாதிச் சண்டை அதோடு போயிற்று.

அப்புறம், போகும் இடத்தைத் தேர்ந்தெடுங்கள். அழகர் ஆற்றில் இறங்கும் நெரிசலுக்கு நான் இப்போது போவதில்லை. முந்தின நாள் மூன்றுமாவடி எதிர்சேவையில் ஓரமாக நின்று கும்பிட்டுவிட்டு வந்துவிடுவேன். டிவி விவாதமும் நிறுத்தியாயிற்று.

துக்கத்துக்கு இந்தக் கணக்கு ஒத்துவராது. அதை யாரிடமாவது கொட்டித்தான் ஆகவேண்டும். எங்கள் டீக்கடை பெஞ்சில் ஐந்து பேர் இருந்தோம், மிச்சம் இரண்டு. போனவர்களைப் பற்றித்தான் தினமும் பேசுகிறோம். ஆனால் இரண்டு வாரத்துக்கு மேல் தூக்கம், பசி, பேச்சு எதிலும் நாட்டமில்லை என்றால் 'வயசாச்சு, அப்படித்தான்' என்று விடாதீர்கள். 2022-இல் அரசு தொடங்கிய டெலி மானஸ் என்ற மனநல உதவி போன் எண் 14416, கட்டணமில்லை. பெரியாஸ்பத்திரியிலும் மனநலப் பிரிவு இருக்கிறது.

சரி, தப்பிக்க முடியாத ஆட்களை என்ன செய்வது? தம்பிக்கும் எனக்கும் கிணற்று மோட்டார் முறையில் தகராறு. நிம்மதி என்று நினைத்து இரண்டு வருடம் பேசாமலே ஒதுங்கினேன், புகைச்சல்தான் முற்றியது. பல்லைக் கடித்து உட்கார்ந்தும் பார்த்தேன். முகத்தில் மறைத்தாலும் உள்ளே உடம்பு அடங்காது என்று ஸ்டான்ஃபோர்டில் ஜேம்ஸ் கிராஸ் என்பவர் ஆராய்ந்தே சொல்லியிருக்கிறாராம். எனக்கு அது கிணற்றடியிலேயே தெரிந்துவிட்டது.

இப்போது செய்வது இதுதான். வயிறு நிறைந்தபின் உட்கார்ந்து பேசுவோம். மோட்டார் முறை மட்டும், பாகப்பிரிவினை வாயில் வரக்கூடாது. குரல் ஏறும்போதே "கை கழுவிட்டு வாரேன்" என்று குழாயடிக்கு எழுந்துவிடுவேன்.

போன தடவை மூன்று முறை எழுந்தேன். நாலாவதுக்குக் காலை ஊன்றும்போது தம்பி சொம்பில் தண்ணீரைக் கொண்டுவந்து பக்கத்தில் வைத்தான். "இங்கனயே கழுவுங்கண்ணே, அம்புட்டுத் தூரம் நடக்க வேணாம்."