முயலைக் கூண்டைவிட்டு வெளியே விடும் முன் சோபாவைக் கவிழ்த்துப் பாருங்கள்

எங்கள் முயல் மிளகு முதன்முதலாக வீட்டுக்குள் ஓடித் திரிந்தது இருபதே நிமிடம். அதற்குள் ஒரு சார்ஜர், ஒரு செருப்பு வார், அகராதியின் முதுகு மூன்றும் போயின. குற்றம் அவனுடையது அல்ல. கூண்டைத் திறந்தவன் நான்.

தீனி, கூண்டின் அளவு பற்றியெல்லாம் இங்கே எழுதப்போவதில்லை. உங்களிடம் பழகிவிட்ட முயலை அறைக்குள் எப்படி அவிழ்த்துவிடுவது என்பது மட்டும்தான்.

1. ஓர் அறை போதும்

முழு வீட்டையும் முதல் நாளே திறந்துவிடாதீர்கள். இருப்பதில் சிறிய அறையாகப் பாருங்கள், சமையலறை வேண்டாம். தொட்டிச் செடிகளை வெளியே எடுத்துவிடுங்கள். லில்லி, அரளி இரண்டும் முயலுக்கு நஞ்சு. தின்றதை வாந்தியெடுக்க முயலால் முடியாது என்பதை நினைவில் வையுங்கள்.

2. ஒயர்கள்

முயலின் பற்கள் சாகும்வரை வளர்ந்துகொண்டே இருக்கும். முன்பற்கள் வாரத்துக்குச் சுமார் 2 மில்லிமீட்டர் வளரும். ஆகவே கடிக்காதே என்று அதட்டிப் பயனில்லை. கசப்புத் திரவம் தெளிக்கச் சொல்வார்கள். வாங்கித் தெளித்தேன், மிளகு நக்கிச் சுவைத்தான். ஒயரைச் சுற்றும் மெல்லிய பிளாஸ்டிக் சுருள் இரண்டு நாள் தாங்கியது.

கெட்டியான பி.வி.சி. குழாய்தான் என் தேர்வு. பிளக் குழாய்க்குள் நுழையாது என்பது வாங்கி வந்த பிறகுதான் உறைத்தது. குழாயை நீளவாக்கில் ஒரு கோடாக அறுத்து, விரித்து, ஒயரை உள்ளே திணியுங்கள். அறுத்த பக்கம் சுவரைப் பார்த்து இருக்கட்டும்.

மற்ற ஒயர்களை மேலே ஏற்றிக் கட்டிவிடலாம். எவ்வளவு உயரம்? ஒரு தழையைத் தூக்கிப் பிடியுங்கள். முயல் பின்னங்கால்களில் நின்று எட்டும் உயரத்துக்கு மேல் இன்னும் ஒரு சாண்.

3. சோபா

இதில்தான் நான் மாட்டிக்கொண்டேன். இரண்டாம் நாள் மாலை மிளகைக் காணவில்லை. கதவும் ஜன்னலும் சாத்தியிருந்தன. அலமாரிக்குப் பின்னால், திரைக்குப் பின்னால், பழைய பையைக்கூட உதறிப் பார்த்துவிட்டு, களைத்துப்போய்ச் சோபாவில் உட்காரப் போனேன். அடியிலிருந்து சரக்கென்று ஓர் ஓசை. உட்கார்ந்திருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று இப்போதும் நினைக்கப் பிடிக்கவில்லை.

சோபாவின் அடிப்பக்கத்தில் மெல்லிய கறுப்புத் துணி ஒன்றை இழுத்து அடித்திருப்பார்கள். அதைக் கிழித்து ஏறி, ஸ்பிரிங்குகளுக்கு நடுவே பஞ்சைப் பிய்த்துப் போட்டுப் படுத்திருந்தான்.

துணியைத் திரும்ப இழுத்து ஸ்டேப்ளர் முள் அடித்தேன். ஒரே இரவில் பிடுங்கிவிட்டான். முன்பக்கத்தை அட்டையால் அடைத்தேன். சுவருக்கும் சோபாவுக்கும் நடுவே, என் கைகூட நுழையாது என்று விட்டிருந்த இடுக்கு வழியாகப் புகுந்தான். தலை நுழைந்தால் உடலும் நுழையும். நாம் பார்ப்பதில் பாதி ரோமம்தான். கம்பிவலையும் யோசித்தேன். வெட்டிய முனைகள் காலைக் கிழிக்கும் என்று விட்டுவிட்டேன்.

கடைசியில் பலன் தந்தது மெல்லிய பிளைவுட் பலகை. சோபாவைக் கவிழ்த்து, துணியை முழுவதுமாக உரித்தெடுத்து, சட்டத்தின் அளவுக்குப் பலகையை வெட்டி, சாணுக்கு ஒரு திருகாணியாக முடுக்கினேன். மூடும் முன் முயல் எங்கே இருக்கிறது என்று ஒருமுறை பார்த்துக்கொள்ளுங்கள். சிரிக்காதீர்கள்.

மடக்கி விரிக்கும் சாய்வு சோபா இருந்தால் அந்த அறையே வேண்டாம். உள்ளே இருக்கும் இரும்புக் கைகள் முயலை நசுக்கிவிடும்.

4. புழுக்கைக்கு ஒரு தட்டு

நீங்கள் தேர்ந்தெடுக்கும் மூலையை முயல் ஏற்காது. அது எங்கே போகிறதோ அங்கே ஓர் அகலமான தட்டை வையுங்கள். அடியில் காகித உருண்டைகள், ஒரு பக்கம் கை நிறைய உலர்புல். தின்றுகொண்டே கழிப்பது முயலின் வழக்கம். பூனைகளுக்கான, ஈரம் பட்டால் கட்டியாகும் மணலைப் போடாதீர்கள். தின்றால் குடலை அடைக்கும். அறையெங்கும் சிறுநீர் பீய்ச்சும் முயலுக்கு எந்தத் தட்டும் உதவாது. கருத்தடை அறுவை சிகிச்சைக்குப் பிறகே மிளகு வழிக்கு வந்தான். வழக்கமாக நான்கு முதல் ஆறு மாத வயதில் செய்வார்கள். உங்கள் கால்நடை மருத்துவர் சொல்வதைக் கேளுங்கள்.

5. திறந்துவிடுங்கள்

விடியலும் அந்தியும்தான் முயல் துள்ளும் நேரம். கதவைத் திறந்துவிட்டுத் தரையில் சும்மா உட்காருங்கள். திரும்பக் கூண்டுக்குள் விட, துரத்திப் பிடிக்காதீர்கள். பிடியில் திமிறி உதைத்தால் அதன் முதுகெலும்பே முறியக்கூடும். தீனி டப்பாவைக் கூண்டருகே குலுக்குங்கள். நான்கைந்து நாளில் சத்தம் கேட்டதும் தானே ஓடிவரும்.

பின்சேர்க்கை: "கதவைத் திறந்து வைத்தாலும் கால்மிதியைத் தாண்டி வர மாட்டேன் என்கிறது, பயமா?" என்று ஒருவர் கேட்டிருந்தார். தரை என்ன என்று கேட்டேன். வழவழப்பான டைல்ஸ். நாய், பூனைபோல முயலின் பாதத்தில் மெத்தைச் சதை கிடையாது; ரோமம் மட்டும்தான். டைல்ஸில் கால் நான்கு பக்கமும் வழுக்கும். எங்கள் வீட்டில் முதல் நாளே பாய் விரித்திருந்ததால் எனக்கு இது தோன்றவே இல்லை. கால்மிதியிலிருந்து தட்டுவரை பாதைபோல விரிப்புகளைப் போடச் சொன்னேன். மறுநாளே தட்டுவரை போய்வந்ததாம்.

இன்னொன்று: விரிப்பையே தின்கிறது என்று இருவர் எழுதியிருக்கிறார்கள். நூல் வளையங்கள் தூக்கி நிற்கும் விரிப்பு வேண்டாம். ஓரம் தைத்த, தட்டையான பருத்தி விரிப்பு போடுங்கள். இழைகளை விழுங்கிய முயல் பத்துப் பன்னிரண்டு மணி நேரமாகத் தின்னாமல், புழுக்கையும் போடாமல் ஒடுங்கி உட்கார்ந்திருந்தால் காலையில் பார்க்கலாம் என்று இருக்காதீர்கள். அன்றிரவே மருத்துவரிடம் தூக்கிக்கொண்டு ஓடுங்கள்.