ஏளனமான, இளக்காரமான, அலட்சியமான: தவிர்க்க வேண்டிய தவறுகள்

பிறரை மதிக்காத தன்மையைக் குறிக்கும் இம்மூன்று சொற்களையும் ஒன்றுக்கு ஒன்று மாற்றி எழுதிவிடுவதே முதல் தவறு. மதுரை விளக்குத்தூண் பக்கம் ஒரு துணிக்கடையை எண்ணிக்கொள்வோம். சேலை கேட்டு நிற்கும் பெண்மணியை நிமிர்ந்தும் பாராமல் கைப்பேசியைத் தடவிக்கொண்டிருக்கும் விற்பனையாளரிடம் இருப்பது அலட்சியம். அந்தப் பெண்மணியின் தேய்ந்த செருப்பைப் பார்த்துவிட்டு, "அது உங்களுக்குக் கட்டுப்படியாகாதும்மா" என்று சேலையை எடுத்துப்போடவே மறுத்தால் அது இளக்காரம். பக்கத்தில் நிற்பவருக்குக் கண்ணைக் காட்டிச் சிரித்தால், அது ஏளனம்.

இளக்காரத்தில் 'இளகு' என்பதன் சாயல் இருக்கிறது. "நான்னா ஒனக்கு எளக்காரமாப் போச்சா?" என்று மதுரைப் பக்கம் ஒருவர் கேட்கும்போது, தாம் இளகி இடம் கொடுத்ததால்தானே இந்த நிலை என்ற மனத்தாங்கலும் அதில் ஒலிக்கிறது. ஆகவே, எல்லோரும் அஞ்சி நடுங்கும் மேலாளரை ஒருவன் 'இளக்காரமாகப் பார்த்தான்' என்று எழுதுவது பொருந்தாது. மறைவில் ஏளனம் செய்தான் என்று வேண்டுமானால் எழுதலாம். பேச்சில் 'எளக்காரம்' இயல்பானது. எழுத்தில் 'இளக்காரம்' என்பதே முறை. 'இழக்காரம்' எங்கும் பிழை.

அலட்சியமோ எல்லா இடத்திலும் பிறரை மதிக்காததைக் குறிப்பதில்லை. 'அலட்சியமாக வண்டி ஓட்டினார்' என்பதில் இகழ்ச்சியே இல்லை, கவனக்குறைவு மட்டுமே உண்டு.

என் பார்வையில் பெரிய தவறு, 'அவர் ஏளனமான மனிதர்' என்று எழுதுவது. அவர் பிறரை இகழ்கிறாரா, பிறர் அவரை இகழ்கிறார்களா என்பது இதில் விளங்கவில்லை. ஏளனமான என்ற அடை பார்வை, சிரிப்பு, பேச்சு, தொனி ஆகியவற்றோடுதான் இயல்பாகச் சேரும். ஆளைச் சொல்ல வேண்டுமானால், இகழ்பவரை 'யாரையும் ஏளனம் பேசுபவர்' என்றும், இகழப்படுபவரை 'ஏளனத்துக்கு ஆளானவர்' என்றும் பிரித்து எழுதலாம். நண்பர்களுக்குள் நடக்கும் நக்கலை ஏளனம் என்று எழுதினால், விளையாட்டுப் பேச்சு பகையாகத் தோன்றும்.

ஒற்றுப்பிழையும் இங்கே அடிக்கடி நேர்கிறது. 'ஏளனமானச் சிரிப்பு' தவறு, 'ஏளனமான சிரிப்பு' சரி. ஆனால் 'ஏளனமாகச் சிரித்தான்' என்பதில் ஒற்று கட்டாயம் வர வேண்டும்.