தவக்காலத்தில் எதை ஏற்பது, எதை விடுவது

ஈஸ்டருக்கு முந்தைய தவக்காலம் தொடங்கும் திருநீற்றுப் புதன் பூசை முடிந்து கோயில் படி இறங்குவதற்குள் பாடகர் குழு, அன்பியம் (அக்கம்பக்கத்துக் குடும்பங்களின் செபக் குழு), மரியாயின் சேனை, விவிலியப் படிப்பு என்று நாலு பக்கமும் கூப்பிடுவார்கள். அங்கேயே யாருக்கும் "சரி" சொல்லாதீர்கள். "ஞாயிறு பூசைக்கு வரும்போது சொல்கிறேன்" என்றால் யாரும் கோபிக்க மாட்டார்கள்.

அன்று இரவே ஒரு பெரிய தாளில் புதனிலிருந்து ஈஸ்டருக்கு முந்தைய நாளான புனித சனி வரை 46 கட்டம் போடுங்கள். ஞாயிறு ஆறையும் கழித்தால் மீதி 40. நிரப்பும்போது கடைசியிலிருந்து தொடங்குங்கள், ஏனென்றால் கடைசி வாரமான பெரிய வாரம்தான் ஆளைச் சாய்க்கும். குருத்தோலை ஞாயிறு பவனி, வியாழன் பாதம் கழுவும் சடங்கும் அதற்குப் பின் இரவு ஆராதனையும், வெள்ளி திருப்பாடுகள், சனி இரவு பாஸ்கா (ஈஸ்டர்) திருவிழிப்பு. இவற்றில் உங்களுக்குப் பொறுப்பு இருந்தால், அதற்கு முந்தைய இரண்டு வாரத்துப் பயிற்சி நாட்களையும் உடனே குறித்துவிடுங்கள். பலர் முதல் மூன்று வாரம் எல்லாவற்றுக்கும் ஓடி, பயிற்சி தொடங்கும்போது தொண்டை கட்டிப்போய் நிற்பார்கள்.

அடுத்து, நீங்கள் வராவிட்டால் எந்த வேலை நின்றுபோகும் என்று பாருங்கள். வாசகர், ஆர்மோனியம் வாசிப்பவர், மறைக்கல்வி ஆசிரியர் வராவிட்டால் வேலையே நடக்காது; கூட்டத்தில் ஒருவராக உட்காருவது அப்படியல்ல. நின்றுபோகிற வேலையில் இரண்டு போதும். மற்றவற்றில் வாரம் ஒன்று.

வெள்ளிக்கிழமையைக் காலியாக வையுங்கள். இயேசுவின் பாடுகளைத் தியானிக்கும் சிலுவைப்பாதையின் 14 நிலைகளைப் பாட்டோடு முடிக்கவே முக்கால் மணி நேரம் ஆகும், பூசையும் சேர்ந்தால் இன்னும் நீளும். அன்றே பாட்டுப் பயிற்சியும் வைத்தால், ஒருசந்தி (ஒருவேளை மட்டும் முழுச் சாப்பாடு) இருப்பவர்கள் சோர்ந்து சுருதி இறங்கும். ஒருசந்தி கட்டாயமான நாள் திருநீற்றுப் புதனும் பெரிய வெள்ளியும்தான். 18 வயது நிறைந்ததிலிருந்து 59 நிறையும்வரை. சுத்தபோசனம் (இறைச்சி தவிர்ப்பது) 14 வயதிலிருந்து. இடைக்காட்டூர் திருஇருதய ஆலயத்துக்குத் திருப்பயணம் போவதாக இருந்தால் ஒரே ஒரு வெள்ளியைத் தேர்ந்தெடுத்து, அந்த வாரம் வேறு கூட்டம் வைக்காதீர்கள்.

படிப்புக் குழுக்களில்தான் நேரம் அதிகம் வீணாகிறது. அன்பியத்துக்கு ஒரு பகுதி, இளையோருக்கு வேறொன்று, விவிலியக் குழுவுக்கு மூன்றாவது என்று வைத்தால் எதையுமே ஆழமாகப் படிக்க முடியாது. எல்லாக் குழுவும் வரும் ஞாயிறு நற்செய்தியையே எடுக்கட்டும். மூன்று ஆண்டுச் சுழற்சியில் வரும் பூசை வாசகங்களில், முதலாம் ஆண்டில் மூன்றாம் ஞாயிறு சமாரியப் பெண் (யோவான் 4), நான்காவது பிறவிக் குருடர் (யோவான் 9), ஐந்தாவது இலாசர் (யோவான் 11). மூன்றுமே நீளமானவை, ஆகவே எட்டுப் பேர் கொண்ட குழுவுக்கு ஒரு மணி நேரத்தை இப்படிப் பிரிக்கலாம்: செபம் 5 நிமிடம், பகுதியை ஆள் மாற்றி இருமுறை வாசிக்க 15, மௌனம் 5, ஆளுக்கு 3 நிமிடமாகப் பகிர்வு 24, மீதி மன்றாட்டுக்கு. கைப்பேசியில் மணி வையுங்கள். நேரம் தவறுவது பகிர்விலேதான். ஒருவர் பத்து நிமிடம் பேசினால் கடைசி இருவர் வாயே திறக்காமல் வீடு போவார்கள். அப்படிப் போகிறவர் அடுத்த வாரம் வருவதில்லை. தேநீர், சுண்டல் எல்லாம் முடிந்த பிறகே.

பிளஸ் டூ, பத்தாம் வகுப்புப் பிள்ளைகளைத் தேர்வு முடியும்வரை மாலைக் கூட்டங்களுக்கு அழைக்க வேண்டாம். ஞாயிறு பூசையும் வெள்ளி சிலுவைப்பாதையும் போதும்.

பாவசங்கீர்த்தனத்தை (சாமியாரிடம் பாவ அறிக்கை செய்வதை) நான்காம் வாரத்துக்குள் முடித்துவிடுங்கள். பெரிய வாரத்தில் வரிசை நீளும், சாமியாராலும் நின்று பேச முடியாது.

திருவிழிப்பில் பழைய ஏற்பாட்டு வாசகங்கள் ஏழு. குறைத்தாலும் மூன்றுக்குக் கீழே போகக் கூடாது, விடுதலைப் பயணம் 14-ஐ விடவே கூடாது. வாசகர் பட்டியலை ஐந்தாம் ஞாயிறுக்குள் முடித்து, ஒவ்வொரு வாசகத்துக்கும் ஒரு மாற்று ஆளையும் எழுதுங்கள். திருவிழிப்பின் தொடக்கத்தில் வரும் பாஸ்கா புகழுரையைப் பாடுபவர் மெழுகுதிரி வெளிச்சத்திலேயே ஒருமுறையாவது பாடிப் பார்க்க வேண்டும். எழுத்து சிறிதாக இருந்தால் அப்போதே பெரிதாக அச்செடுத்துக்கொள்ளலாம்.