குதிகால் வெடிப்புக்கு வீட்டிலேயே களிம்பு

நாள் முழுக்க ஏர்கானில் உட்கார்ந்திருந்தால், சிங்கப்பூரின் ஈரக்காற்றிலும் குதிகால் வெடிக்கத்தான் செய்யும். அதற்குத் தேங்காய் எண்ணெயும் தேன்மெழுகும் போதும். எண்ணெய், லிட்டில் இந்தியாவின் தேக்காவில் எந்த மளிகைக் கடையிலும் கிடைக்கும். மெழுகை ஆன்லைனில் குருணையாக வாங்கினால் சீக்கிரம் உருகும்.

தேங்காய் எண்ணெய் 24 டிகிரியிலேயே உருகிவிடும் என்பதால் இங்கே அது தானாக உறையாது. ஆகவே மெழுகு தாராளமாக வேண்டும்: 60 கிராம் எண்ணெய்க்கு 20 கிராம். நேரடியாக அடுப்பில் வைக்காதீர்கள். கொதிநீரில் ஒரு எவர்சில்வர் கிண்ணத்தை இறக்கி, மெழுகு கரையும்வரை கிளறுங்கள். பதம் பார்க்க, ஒரு சொட்டைக் கரண்டியில் எடுத்து ஃபிரிட்ஜில் வைத்து, ஆறியதும் விரலால் தேயுங்கள். வழவழவென்று ஓடினால் இன்னும் சிட்டிகை மெழுகு. கட்டியாக நின்றால் கொஞ்சம் எண்ணெய்.

களிம்பை ஊற்றிவைக்கும் டப்பாவில் துளி ஈரமும் கூடாது. பச்சைக் கற்றாழை ஜெல் சேர்க்கச் சொல்வார்கள், கேட்காதீர்கள். அந்த நீர்ச்சத்தில் பூஞ்சை பிடிக்கும். மஞ்சள் போட்டால் மெத்தைவிரிப்பு காலி!

முதலில் முழங்கையின் உட்பக்கம் தடவி ஒருநாள் பாருங்கள். வெடிப்பில் ரத்தம் வந்தாலோ, உங்களுக்குச் சர்க்கரை நோய் இருந்தாலோ, களிம்பை விட்டுவிட்டு பாலிகிளினிக்கில் காட்டுங்கள்.