ஹோல்டெம் தெரிந்தவருக்கு ஒமாஹா: இரண்டு சீட்டு விதியும் கொஞ்சம் கதையும்

ஹோல்டெம் போக்கர் ஆடத் தெரிந்தவர்களுக்கு, அதன் உறவான ஒமாஹாவைச் சொல்லித்தரும் பதிவு இது. ஃபிளஷ் பெரிதா ஸ்ட்ரெயிட் பெரிதா, பிளைண்ட் யார் வைக்க வேண்டும் என்பதையெல்லாம் இங்கே சொல்லப்போவதில்லை. காசும் வேண்டாம், புளியங்கொட்டை போதும்.

ஜோக்கரை எடுத்துவிட்ட 52 சீட்டுக் கட்டு ஒன்று வேண்டும். மூலையில் எண் பெரிதாக உள்ள பிளாஸ்டிக் கட்டாக வாங்குங்கள்; காகிதக் கட்டின் ஓரம் சீக்கிரமே மடங்கி, எது ஏஸ் என்று முதுகைப் பார்த்தே சொல்லிவிடலாம். கைபேசிச் செயலியில் பழக வேண்டாம் என்பது என் கட்சி. உங்கள் கையில் சிறந்தது எது என்று அதுவே சொல்லிவிடும். ஒமாஹாவில் கற்றுக்கொள்ள வேண்டியதே அதைத்தான்.

படி 1. ஆளுக்கு நான்கு சீட்டு கவிழ்த்துப் போடுங்கள். அப்புறம் எல்லோருக்கும் பொதுவாக மேசை நடுவில் திறக்கும் சீட்டுகள்: ஃபிளாப் மூன்று, டர்ன் ஒன்று, ரிவர் ஒன்று. எல்லாம் ஹோல்டெம் மாதிரியேதான்.

படி 2. பந்தயம் பெரும்பாலும் பாட் லிமிட், அதாவது நடுவில் சேர்ந்திருக்கும் தொகையைப் பொறுத்து உச்ச வரம்பு. நடுவில் 100 இருக்கிறது, எதிராளி 50 வைக்கிறார் என்றால், நீங்கள் அதிகபட்சம் 250 வைக்கலாம். கடைசிப் பந்தயத்தின் மூன்று மடங்கு, அதோடு அதற்கு முன் நடுவில் இருந்தது. இந்தக் கணக்கு போதும்.

படி 3. சீட்டைக் காட்டும் நேரம். புதிதாக வருகிறவர்கள் எல்லோரும் தடுக்கி விழும் இடம் இதுதான், நிதானமாகப் படியுங்கள்.

கையிலிருந்து இரண்டு, பொதுச் சீட்டிலிருந்து மூன்று. ஒன்று கூடவும் கூடாது, குறையவும் கூடாது.

மேசையில் இஸ்பேட் கிங், 9, 6, 3, கூடவே டைமண்ட் ஜாக். உங்கள் கையில் இஸ்பேட் ஏஸ், ஆட்டின் ஏஸ், கிளாவர் 8, டைமண்ட் 4. ஹோல்டெமில் அந்த ஒரு இஸ்பேட் ஏஸ் போதும், யாரும் தொட முடியாத ஃபிளஷ். இங்கே கையில் இரண்டாவது இஸ்பேட் இல்லையே! ஆகவே உங்களிடம் இருப்பது வெறும் ஏஸ் ஜோடி. எதிரே இஸ்பேட் 4, 2 வைத்திருப்பவர் கிங், 9, 6, 4, 2 என்று காட்டி அள்ளிக்கொண்டு போவார்.

வழக்கு வராமல் இருக்க ஒரு வழி: கையிலிருந்து பயன்படுத்தும் இரண்டு சீட்டை மட்டும் மேசையில் திருப்புங்கள், மற்ற இரண்டைக் கவிழ்த்தே வையுங்கள். பொதுச் சீட்டில் எடுத்துக்கொள்ளும் மூன்றைச் சற்று மேலே தள்ளுங்கள். ஐந்தும் கண்ணுக்குத் தெரிந்தால் வாக்குவாதம் எழாது.

நான்கு சீட்டில் ஆறு விதமான இரட்டைகள் உண்டு, ஹோல்டெமில் ஒன்றே ஒன்றுதான். எல்லோருக்கும் நல்ல கை அமையும் என்பதால் சின்ன ஃபிளஷை நம்பி மொத்தத்தையும் தள்ளாதீர்கள்.

இவ்வளவு கறாரான விதி எதற்கு என்று கேட்கலாம். என்னைக் கேட்டால், முன்பின் தெரியாத ஆறு பேர் விதியைப் பற்றிப் பேசாமலே உட்கார்ந்து ஆட முடிந்தால்தான் அது நிலைபெற்ற ஆட்டம். பெயரைச் சொன்னதும் விதி மொத்தமும் வந்துவிட வேண்டும். ஒமாஹா 1980களின் தொடக்கத்தில் லாஸ் வேகஸின் கோல்டன் நக்கெட் சூதாட்ட விடுதிக்கு வந்தது. ராபர்ட் டர்னர் கொண்டுவந்து காட்ட, அங்கே சீட்டாட்ட அறையை நடத்திய பில் பாய்ட் சேர்த்துக்கொண்டார். அப்போது அதற்கு நக்கெட் ஹோல்டெம் என்று பெயர். இன்று பல ஆட்டங்களை மாற்றி மாற்றி ஆடும் ஹார்ஸ் (HORSE) என்ற போட்டியில் முதல் எழுத்து ஹோல்டெம், இரண்டாவது எழுத்து ஒமாஹாவின் ஹை-லோ வடிவம்.

ஹோல்டெமின் கதை இன்னும் பெரியது. டெக்சஸ் சட்டமன்றம் ராப்ஸ்டவுன் என்ற ஊரை அதன் பிறப்பிடமாக 2007இல் அங்கீகரித்தது. அதற்கு முன்பே, 2003இல், 86 டாலர் இணையத் தகுதிச்சுற்று வழியாக வந்த கிறிஸ் மணிமேக்கர் போக்கர் உலகத் தொடரின் முதன்மைப் போட்டியில் 25 லட்சம் டாலர் வென்றதும் ஆட்டம் வீட்டுக்கு வீடு பரவிவிட்டது.

ஹோல்டெமின் இன்னொரு வகையான பைன் ஆப்பிள், பெயரைச் சொன்னதும் விதி வந்துவிடும் நிலைக்கு வரவில்லை. மூன்று சீட்டு வாங்கி ஒன்றைத் தள்ள வேண்டும். ஃபிளாப்புக்கு முன் தள்ளினால் பைன் ஆப்பிள், ஃபிளாப் பார்த்த பிறகு தள்ளினால் கிரேஸி பைன் ஆப்பிள். எது என்று முதலிலேயே கேட்டுவிட வேண்டியிருக்கிறது. 2 முதல் 5 வரை எடுத்துவிட்டு 36 சீட்டில் ஆடும் ஷார்ட் டெக் 2019இலேயே உலகத் தொடருக்குள் வந்துவிட்டது. ஆனாலும் அதில் ஒரே எண் மூன்று பெரிதா ஸ்ட்ரெயிட் பெரிதா என்பது மேசைக்கு மேசை மாறுவதுண்டு. ஆடுவதற்கு முன் இதைப் பேசி ஒரு தாளில் எழுதி வையுங்கள்.

பின்சேர்க்கை: படித்துவிட்டு ஒருவர் கேட்டார்: மேசையில் 8, 8, குயின், குயின், 5, கையில் குயின், ஏஸ், 10, 7. ஃபுல் ஹவுஸ்தானே? இல்லைங்க. குயினோடு கையிலிருந்து இன்னொரு சீட்டும் வந்தே ஆக வேண்டும். ஏஸைச் சேர்த்தால் மூன்று குயின், ஏஸ், 8. கையில் குயினோடு ஒரு 8 இருந்திருந்தால் ஃபுல் ஹவுஸ்.