கார் கணினியில் ஒரு சர்வீஸ் உறைந்துவிட்டால்: கண்டுபிடிப்பதும் மீட்பதும்

ரிவர்ஸ் போட்டதும் திரையில் பின்கேமரா படம் வருகிறது, தெளிவாகவும் இருக்கிறது, ஆனால் அது சில விநாடிகளுக்கு முந்தைய படம். கேமரா சர்வீஸ் (அந்தப் படத்தைக் கொண்டுவரப் பின்னணியில் ஓடும் நிரல்) உள்ளே ஒரு லாக்கில் (ஒரு நேரத்தில் ஒருவர்தான் தொடலாம் என்று போடும் பூட்டு) மாட்டி நின்றுவிட்டது, கடைசி ஃபிரேம் மட்டும் அப்படியே தெரிகிறது. நான் வேலை செய்த ஒரு புராஜெக்ட்டில் இது நடந்தபோது வாட்ச்டாக் (சர்வீஸிடமிருந்து "உயிரோடிருக்கிறேன்" என்ற துடிப்பு நேரத்துக்கு வருகிறதா என்று பார்க்கும் காவல்காரன்) ஏன் பிடிக்கவில்லை என்று மண்டையை உடைத்துக்கொண்டோம். நிரலைத் திறந்து பார்த்தால், வாட்ச்டாக்குக்குத் துடிப்பு அனுப்புவதற்கென்றே தனி த்ரெட் (ஒரே நிரலுக்குள் இணையாக ஓடும் வேலை) இருக்கிறது. படம் கொண்டுவரும் த்ரெட் நின்றுபோயும் அது பாட்டுக்கு "நன்றாக இருக்கிறேன்" என்று சொல்லிக்கொண்டே இருந்திருக்கிறது.

அதனால் முதலில் இதைச் சரிசெய்யுங்கள்: துடிப்பு, வேலை நடக்கும் இடத்திலிருந்தே வர வேண்டும். புது ஃபிரேம் வந்து, அதன் எண் முந்தையதைவிடக் கூடியிருந்தால் மட்டும் அனுப்புங்கள். பல த்ரெட்கள் இருந்தால் ஒவ்வொன்றும் தன் கவுன்ட்டரை ஏற்றட்டும், எல்லாம் ஏறியிருந்தால்தான் துடிப்பு வெளியே போக வேண்டும். கார் மென்பொருளுக்கான ஆட்டோசார் தரத்தில் இதை மூன்றாகப் பிரித்திருக்கிறார்கள்: குறிப்பிட்ட நேரத்துக்குள் எத்தனை முறை துடிப்பு வந்தது, இரண்டு புள்ளிகளுக்கு நடுவே எவ்வளவு நேரம் ஆனது, படிகள் சரியான வரிசையில் நடந்தனவா. ஆட்டோசார் பயன்படுத்தாதவர்களும் இந்த மூன்று கேள்விகளையும் ஒவ்வொரு சர்வீஸிடமும் கேட்டுப் பாருங்கள்.

லினக்ஸில் சர்வீஸ்களைத் தொடங்கி நிர்வகிக்கும் சிஸ்டம்டி இருந்தால் பாதி வேலை முடிந்தது. அந்த சர்வீஸுக்கான அமைப்புக் கோப்பில் (யூனிட் கோப்பு) வாட்ச்டாக்செக் என்று நேரத்தைக் கொடுங்கள், அதில் பாதி நேரத்துக்கு ஒருமுறை துடிப்பு அனுப்புங்கள், ரீஸ்டார்ட் மதிப்பை ஆன்-ஃபெய்லியர் என்று வையுங்கள். துடிப்பு தவறினால் சிஸ்டம்டி சிக்அபார்ட் சிக்னல் அனுப்பும், அதனால் கோர் டம்ப் (நின்ற நேரத்து நினைவகத்தின் நகல்) கிடைக்கும், எந்த லாக்கில் நின்றது என்று பிறகு பார்க்கலாம் (டம்ப்களுக்கு அளவு வரம்பு வைக்காவிட்டால் ஃபிளாஷ் சேமிப்பகம் நிரம்பிவிடும்). நேரத்தைக் குத்துமதிப்பாக வைக்காதீர்கள். அமெரிக்க விதிப்படி ரிவர்ஸ் போட்ட 2 விநாடிக்குள் பின்கேமரா படம் வந்தாக வேண்டும், அப்படிப்பட்ட சர்வீஸுக்கு 30 விநாடி வாட்ச்டாக் வைத்து என்ன பயன்? வாகன மின்னணுப் பாதுகாப்புக்கான ஐஎஸ்ஓ 26262 தரம் கேட்பதும் இதைத்தான்: பிழையைக் கண்டுபிடிக்கும் நேரம், அதற்குச் செயல்படும் நேரம், இரண்டும் சேர்ந்து ஆபத்து வருவதற்குள் முடிய வேண்டும்.

அடுத்தது பலரும் கவனிக்காத இடம். சிஸ்டம்டியின் இயல்பான வரம்பு 10 விநாடிக்குள் 5 தொடக்கம், அதைத் தாண்டினால் அது அந்த சர்வீஸைத் திரும்பத் தொடங்காது. உங்கள் வாட்ச்டாக் 3 விநாடி, சர்வீஸ் ஒவ்வொரு முறையும் தொடங்கிய உடனே உறைகிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். ஒரு சுற்றுக்கே 3 விநாடிக்கு மேல் ஆகிறது, 10 விநாடிக்குள் 5 தொடக்கம் வரவே வராது, வரம்பைத் தொடாமல் காலமெல்லாம் ரீஸ்டார்ட் ஆகிக்கொண்டே இருக்கும். ஸ்டார்ட்லிமிட்இன்டர்வெல்செக் மதிப்பை 60 விநாடி, ஸ்டார்ட்லிமிட்பர்ஸ்ட் மதிப்பை 3 என்பதுபோல உங்கள் வாட்ச்டாக் நேரத்துக்குப் பொருந்தும்படி மாற்றுங்கள்.

சரி, வரம்பு தாண்டியபின் என்ன செய்வது? அந்த சர்வீஸை மட்டும் தொடங்கியும் தேறவில்லை என்றால் அதைச் சார்ந்திருக்கும் சர்வீஸ்களையும் சேர்த்துத் தொடங்குங்கள், ஏனென்றால் பழைய சாக்கெட்டை (இரண்டு நிரல்களுக்கு நடுவிலான இணைப்பு) பிடித்துக்கொண்டு காத்திருக்கும் கிளையன்ட், அதாவது அதைப் பயன்படுத்தும் நிரல், தானாகத் தேறாது. அதற்கும் சரியாகவில்லை என்றால்தான் முழு ரீபூட், அதுவும் வேகமானி அதே கணினியில் ஓடினால் வண்டி நிற்கும்வரை பொறுத்து. ரீபூட் எண்ணிக்கையைக் கண்டிப்பாக ஃபிளாஷில் எழுதி வையுங்கள். இல்லாவிட்டால் ஒவ்வொரு பூட்டிலும் கணக்கு பூஜ்யத்திலிருந்து தொடங்கி, ரீபூட்டுக்குமேல் ரீபூட் என்று கணினி சுழன்றுகொண்டிருக்கும். எண்ணிக்கை தாண்டினால் அந்த வசதியை நிறுத்திவிட்டு ஓட்டுநருக்குச் சொல்லுங்கள். கேமராவைப் பொறுத்தவரை ரீஸ்டார்ட்டுக்குக்கூடக் காத்திருக்காதீர்கள், ஃபிரேம் பழையது என்று தெரிந்த கணமே திரையைக் கறுப்பாக்குங்கள். கறுப்புத் திரையைப் பார்த்தால் ஓட்டுநர் திரும்பிப் பார்ப்பார், பழைய படத்தைப் பார்த்தால் நம்பிப் பின்னால் எடுப்பார், அங்கே ஒரு குழந்தை நிற்கலாம்.

சிஸ்டம்டியே உறைந்தால்? அதற்கு ஹார்டுவேர் வாட்ச்டாக், ரன்டைம்வாட்ச்டாக்செக் கொடுத்தால் போதும். பிரேக், ஸ்டியரிங் போன்றவற்றை லினக்ஸ் ரீஸ்டார்ட்டை நம்பி விடக்கூடாது, அவை தனி மைக்ரோகன்ட்ரோலரில் இருக்க வேண்டும். அங்கே பெரும்பாலும் விண்டோ வாட்ச்டாக் இருக்கும், துடிப்பு தாமதமாக வந்தாலும் தவறு, சீக்கிரம் வந்தாலும் தவறு.

அப்புறம் சோதனை. கில் கட்டளையில் சிக்கில் (நிரலை உடனே கொல்லும் சிக்னல்) அனுப்பிப் பார்த்து, சர்வீஸ் திரும்ப வந்துவிட்டது என்று திருப்திப்பட்டுவிடாதீர்கள், அது கிராஷை மட்டும்தான் சோதிக்கிறது. நிரலைக் கொல்லாமல் நிறுத்தி மட்டும் வைக்கும் சிக்ஸ்டாப் அனுப்புங்கள், பிராசஸ் பட்டியலில் இருக்கும், அசையாது. அடுத்து டீபக்கரை (ஓடும் நிரலை நிறுத்தி ஆராயும் கருவி) இணைத்து வேலை செய்யும் த்ரெட்டை மட்டும் நிறுத்துங்கள், தனித் துடிப்பு த்ரெட் எங்காவது ஒளிந்திருந்தால் இந்தச் சோதனையில்தான் தெரியும். ஸ்டாப்வாட்சை வைத்து, உறைந்த நொடியிலிருந்து புதுப் படம் திரும்ப வரும்வரை அளந்து, ஒவ்வொரு ரிலீஸின் எண்ணையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து ஒப்பிட்டுப் பாருங்கள்.