உபின் தீவில் நண்டு எண்ணலாம்: பிள்ளைகளோடு முதல் தடவை போகிறவர்களுக்கு

வார இறுதி வந்தால் கடைத்தொகுதி, அதை விட்டால் நீச்சல் குளம் என்றிருந்த எங்கள் வீட்டில், பிள்ளைகள் இப்போது கேட்பது புலாவ் உபின் என்ற தீவைத்தான். சிங்கப்பூருக்குப் புதிதாகக் குடிவந்தவர்கள் இப்படிப் போய் வரலாம்.

1. முதலில் கடலைக் கேளுங்கள்

தீவின் கிழக்கு மூலையில் உள்ள செக் ஜாவா சதுப்புநிலத்தைக் கடல் வற்றும்போதுதான் பார்க்க வேண்டும். முதல் தடவை நாங்கள் நேரம் பார்க்காமல் போனோம். நடைபாலத்துக்கு அடியில் வெறும் தண்ணீர்தான் இருந்தது. சின்னவள் அழுதே விட்டாள். அதனால் இணையத்தில் ஓத அட்டவணையைத் திறந்து, பகலில் நீர்மட்டம் 0.5 மீட்டர் அளவுக்கோ அதற்கும் கீழாகவோ இறங்கும் சனி, ஞாயிறைத் தேடுங்கள். செக் ஜாவா காலை 8.30 முதல் மாலை 6 வரைதான் திறந்திருக்கும்.

2. முந்தின இரவே விளையாட்டு அட்டை வரையுங்கள்

ஆளுக்கொரு தாள், தாளுக்கு ஒன்பது கட்டம். ஒரு கை மட்டும் பெருத்த நண்டு, சேற்றில் துள்ளும் மீன், அலையாத்தி மரத்தின் மூச்சுவேர், குரங்கு, காட்டுப்பன்றி, இருவாச்சிப் பறவை என்று பிள்ளைகளையே வரையச் சொல்லுங்கள். விதி ஒன்றுதான்: பார்த்ததும் கத்தக் கூடாது. கையைக் காட்டி, இன்னொருவரும் பார்த்தால்தான் புள்ளி. காலடி அதிர்ந்தாலே நண்டு வளைக்குள் ஓடிவிடும், பிள்ளைகள் இதைத் தாங்களாகவே கண்டுபிடித்துவிடுவார்கள். அம்மா அப்பாவுக்கும் அட்டை வேண்டும். நாம் கைபேசியோடு நின்றால் ஆட்டம் அங்கேயே படுத்துவிடும்.

3. படகு

தானா மேராவிலிருந்து 2ஆம் எண் பேருந்து, தெம்பனீஸிலிருந்து 29. இரண்டும் சாங்கி வில்லேஜுக்குப் போகும். அங்கே நாசி லெமாக் (தேங்காய்ப்பால் சோறு) சாப்பிட்டுவிட்டுப் படகுத்துறைக்கு நடங்கள். படகுக்கு நேர அட்டவணை கிடையாது, 12 பேர் சேர்ந்ததும் கிளம்பும். கையில் ரொக்கம் இருக்கட்டும்.

4. தீவில்

இறங்கியதும் வாடகை சைக்கிள் கிடைக்கும். பிரேக்கைப் பிடித்துப் பாருங்கள், வழியில் மேடுகள் உண்டு. செக் ஜாவாவுக்கு மூன்று கிலோமீட்டருக்குச் சற்று அதிகம். கைக்குழந்தை இருந்தால் வேன் எடுத்துக்கொள்ளுங்கள். தின்பண்டத்தை பிளாஸ்டிக் பையில் தொங்கவிடாதீர்கள், குரங்குக்கு அது அழைப்பிதழ். முதுகுப் பைக்குள் வையுங்கள்.

சைக்கிளை வாசலிலேயே விட்டுவிட்டு நடைபாலத்தில் ஏறுங்கள். அவசரமே வேண்டாம். ஒரே இடத்தில் ஐந்து நிமிடம் அசையாமல் நின்றால் சேறு முழுக்க உயிர் பெறும். 2001இல் இந்த இடத்தை மண் கொட்டி மூடத் திட்டமிருந்தது. இயற்கை ஆர்வலர்களும் பொதுமக்களும் எடுத்துச் சொன்னதால் அந்த ஆண்டின் இறுதியில் அரசு அதைத் தள்ளிவைத்தது. இதைப் பாலத்தில் நின்றுதான் பிள்ளைகளிடம் சொல்ல வேண்டும்.

அப்புறம் அங்கேயே உள்ள ஜெஜாவி பார்வைக் கோபுரம். ஏறினால் மரங்களின் தலை உங்கள் காலடியில். தமிழ்நாட்டின் பிச்சாவரம் அலையாத்திக் காட்டைப் பார்த்த என் மாமனார் அங்கிருந்து இறங்கவே மறுத்தார்.

5. திரும்புதல்

ஐந்து மணி வாக்கில் படகுத்துறைக்கு வந்துவிடுங்கள். அட்டைகளைப் பேருந்தில் எண்ணலாம். போன மாதம் தாத்தாவுக்கு ஏழு, சின்னவளுக்கு எட்டு. அவள் அட்டையில் இன்னும் காலியாக இருப்பது இருவாச்சிக் கட்டம் மட்டும்தான்.